மண்டபத்துக்கு ஆர்ச் வைக்கிறோம், செப்டிக் டேங்குக்கு ஒரு குழாய் வைக்க மாட்டோமா?



இது மீம் இல்ல, யாருக்கும் பதிலடியும் இல்ல. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. நம்ம பாடாலூர் பக்கம் சென்னை–திருச்சி ரோட்டுல ரெண்டு பக்கமும் எழும்பிக்கிட்டு இருக்கிற கட்டடங்களைப் பத்தினது. ஹோட்டல், லாட்ஜ், மண்டபம், ஷோரூம், குடோன், கீழ கடை மேல வாடகை ரூம்னு கட்டுற எல்லாமே இதுல அடக்கம்.

நாரணமங்கலத்துல டயர் ஆலை ஓடுது. எறையூர்ல காலணி ஆலை வந்தாச்சு. வேலைக்கு வர்ற பிள்ளைங்க தங்க ரூம் வேணும், சாப்பிட மெஸ் வேணும். ரோட்டுல போறவங்க நிறுத்தி இறங்க கழிவறை வேணும். கட்டுறவங்களை நான் குறை சொல்ல வரல. கட்டட வேலை நடந்தாதான் ஊர்ல கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் கஞ்சி.

ஆனா ஒன்றிய அலுவலகத்துல உட்கார்ந்திருக்கிற எந்தத் தோழரைக் கேட்டாலும் ஒரு விஷயம் சொல்வாங்க. "பிளான்ல ஒரு சின்ன சிக்கல், நம்ம ஆளுதான், கொஞ்சம் ஆபீஸ்ல சொல்லி விடுங்க"ன்னு வர்ற கோரிக்கை நிக்கிறதே இல்ல. அந்தச் சின்ன சிக்கல் என்னன்னு பிரிச்சுப் பார்த்தா, பாதிக்குப் பாதி காற்றும் கழிவும்தான். பக்கத்துல விட வேண்டிய இடம் விடல. ஜன்னல் வர வேண்டிய சுவத்துல பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிக்குது. கழிவறை ஷாஃப்ட்ட மூடி ஒரு ஸ்டோர் ரூம் ஆக்கியாச்சு. செப்டிக் டேங்க் பார்க்கிங்குக்கு அடியில போயிடுச்சு. தூண் கம்பியில யாரும் 'அட்ஜஸ்ட்' கேக்க மாட்டாங்க, கட்டடம் விழுந்துடும்னு பயம். காற்று, சாக்கடையில மட்டும் தாராளமா கேப்பாங்க, ஏன்னா அது விழுந்தா கட்டடத்துக்காரர் மேல விழாது.

நான் மெக்கானிக்கல் படிச்சவன். கல்லூரியில இதை ஒரு செமஸ்டர் போரடிக்கிற பாடமாத்தான் நடத்துனாங்க. விதியைத் திறந்து படிச்சா அதுல ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கு.

செப்டிக் டேங்க்ல இருந்து ஆரம்பிப்போம். பாடாலூர் ஊராட்சி. நகரத்து மாதிரி பாதாளச் சாக்கடை கிடையாது. அப்போ ஒவ்வொரு ஹோட்டலும் லாட்ஜும் தன் கழிவைத் தன் மனையிலயே வச்சுச் சமாளிக்கணும். அதுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2470. டேங்குக்குக் குறைஞ்சது 50 மி.மீ. விட்டத்துல ஒரு காற்றுக் குழாய் வைக்கணும், மேல கொசு வலை கட்டணும்னு அது சொல்லுது. டேங்க் கட்டடத்துல இருந்து 15 மீட்டராவது தள்ளி இருந்தா குழாய் 2 மீட்டர் உயரம் போதும். அதைவிடக் கிட்ட இருந்தா, கட்டட உச்சியைத் தாண்டி இன்னும் 2 மீட்டர் மேல போகணும்.

நம்ம ரோட்டுக் கடை மனையில 15 மீட்டர் எங்க இருக்கு? அப்போ எல்லாக் குழாயும் மொட்டை மாடிக்கு மேல போயாகணும். நடைமுறையில என்ன பண்றோம்? எலிவேஷனுக்கு அசிங்கமா தெரியுதுன்னு முதல் மாடி ஜன்னல் உயரத்துலயே அறுத்து விடுறோம். இல்லன்னா நாத்தம் வருதுன்னு மூடி போட்டு அடைக்கிறோம். அந்த ஜன்னலுக்கு உள்ள ரூம் எடுத்துத் தங்குறவர் "ஏன் சார் இப்படி நாறுது"ன்னு கேட்டா, ரூம் ஸ்ப்ரே அடிச்சு அனுப்புறோம்.

அந்தக் குழாய் வெறும் நாத்தத்துக்கு மட்டும் இல்ல. கழிவறைத் தரையில இருக்கிற டிராப்புக்குள்ள எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கும், கவனிச்சிருப்பீங்க. குறைஞ்சது 50 மி.மீ. நிக்கணும்னு விதி. ரெண்டு இன்ச் தண்ணி. சாக்கடைக்கும் நீங்க இழுக்கிற மூச்சுக்கும் நடுவுல இருக்கிற ஒரே கதவு அதுதான். மாடியில ஒருத்தர் ஃப்ளஷ் பண்றப்போ குழாய்க்குள்ள தண்ணி மொத்தமா இறங்கி, பின்னாடி காற்றை இழுக்கும். காற்று வர மேல வழி இருந்தா அங்கிருந்து எடுத்துக்கும். வழி இல்லன்னா கீழ் மாடி டிராப்புல இருக்கிற தண்ணியை உறிஞ்சி எடுத்துடும். கதவு திறந்துடுச்சு. அப்புறம் சாக்கடைக் காற்று ரூமுக்குள்ளதான்.

இதுக்கு உலகமே பார்த்த ஒரு உதாரணம் இருக்கு. 2003-ல சார்ஸ் நோய் பரவுனப்போ ஹாங்காங்ல அமோய் கார்டன்ஸ்னு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. மார்ச் மாசம் வயிற்றுப்போக்கோட ஒரு நோயாளி அங்க வந்து தங்கினார். சில வாரத்துல 300 பேருக்கு மேல தொற்று, 42 பேர் இறந்தாங்க. விசாரிச்ச ஹாங்காங் சுகாதாரத் துறை முக்கியமா சுட்டிக் காட்டினது பாத்ரூம் டிராப்பை. தண்ணி ஊத்தித் தரை கழுவுற பழக்கம் குறைஞ்சதால டிராப் காஞ்சு கிடந்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் அது வெளிக் காற்றை இழுக்காம, காஞ்ச டிராப் வழியா சாக்கடைக் குழாய்க் காற்றை உள்ள இழுத்துச்சு. ஃபேன் வேலை செஞ்சது, குழாயும் ஓடுச்சு. ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு பார்க்க ஆள் இல்ல. நம்ம லாட்ஜ்ல ரெண்டு மாசமா ஆள் தங்காத ரூமைத் திறந்ததும் ஒரு வாடை வருமே, அதுவும் காஞ்சு போன டிராப்போட வேலைதான்.

இப்போ டேங்கை எங்க வைக்கிறோம்ங்கிற கேள்விக்கு வருவோம். இந்தப் பதிவை எழுத வச்சதே இந்தக் கேள்விதான்.

டேங்க் ரோட்டுப் பக்கமா, லாரி ஹோஸ் எட்டுற இடத்துல, சரியான அளவு மூடியோட இருந்தா மிஷின் வந்து உறிஞ்சிட்டுப் போயிடும். யாரும் இறங்க வேண்டாம். அதையே கட்டடத்துக்குப் பின்னாடி, சமையல்கட்டுக்கு அடியில, டைல்ஸ் ஒட்டின ஒரு சின்ன மூடிக்குக் கீழ வச்சா ஹோஸ் எட்டாது. சமையல்கட்டுல எண்ணெய் பிடிக்கிற தொட்டி வைக்காம, பாத்திரம் கழுவுற தண்ணியை நேரா டேங்குக்குள்ள விட்டா, எண்ணெய் உறைஞ்சு கட்டியாகி வழி அடைச்சுக்கும். முகூர்த்த நாள் காலையில அடைச்சுக்கிட்டா? மண்டபத்துல ஆயிரம் பேர். மேனேஜர் போனை எடுப்பார். யாருக்குப் போன் போகும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்தத் தெருவுல இருந்து ஆள் கூப்பிடுவாங்கன்னும் தெரியும். சமூகநீதின்னு மேடையில பேசுற நாம இந்த இடத்துல மட்டும் பேச்சை மாத்தக் கூடாது.

உள்ள என்ன இருக்கு? ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை நாத்தம். அது காற்றை விடக் கனமானது, அடியிலயே தங்கும். கொஞ்சமா இருக்கிறப்போதான் நாறும். அளவு கூடினா மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. "வாடை இல்லண்ணே, இறங்கலாம்"னு சொல்ற அந்த நிமிஷம்தான் ரொம்ப ஆபத்து. அதோட மீத்தேன், ஆக்சிஜன் பற்றாக்குறை. மேல தெளிவா இருக்கும் சேறு, காலோ கழியோ பட்டுக் கலங்கினதும் அடைஞ்சு கிடந்த வாயு மொத்தமா கிளம்பும். முதல் ஆள் மயங்கி விழுவார். தூக்க இறங்குறவர் ரெண்டாவது. பேப்பர்ல வர்ற செய்தியில எண்ணிக்கை பல தடவை ரெண்டு, மூணுன்னு இருக்கிறதுக்குக் காரணம் இதுதான். ஒன்னைத் தெளிவா சொல்லிடுறேன். காற்றுக் குழாய் வச்சிருக்கோம்ங்கிறதால மனுஷன் உள்ள இறங்கலாம்னு அர்த்தம் இல்ல. எந்த டேங்குலயும் இறங்கக் கூடாது.

சட்டமும் அதைத்தான் சொல்லுது. 2013-ல வந்த கையால் கழிவு அகற்றுவதைத் தடுக்கும் சட்டம், பாதுகாப்பு இல்லாம ஒருத்தரை டேங்குலயோ சாக்கடையிலயோ இறக்கினா முதல் தடவையே ரெண்டு வருஷம் வரை சிறை, அல்லது ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும்னு சொல்லுது. 'எந்த நபரும்'னு எழுதியிருக்கு. முனிசிபாலிட்டி மட்டும் இல்ல, மண்டப ஓனரும் அதுல வருவார். 2014 மார்ச் 27 தீர்ப்புல இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம்னு சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20-ல அதை 30 லட்சமா உயர்த்துச்சு. இவ்வளவுக்கு அப்புறமும், 1993-ல இருந்து எடுக்கிற மரணக் கணக்குல தமிழ்நாடு நாட்டிலேயே மேல் வரிசையில நிக்குது. கல்வியில முதல் வரிசை, தொழில்ல முதல் வரிசைன்னு போஸ்டர் போடுற நாம இந்த வரிசையையும் பார்க்கணும்.

பாடாலூருக்குன்னே ஒரு தனிச் சிக்கலும் இருக்கு. செப்டிக் டேங்க்ல இருந்து வெளிய வர்ற தண்ணி சுத்தமான தண்ணி இல்ல, அதை மண்ணுக்குள்ள வடிய விடணும். நம்ம பக்கம் மண்ணு எப்படி? கல் குவாரி இருக்கிற ஊருங்க இது, தோண்டினா பாறை. கிழக்கால ஊட்டத்தூர், காரை பக்கம் போனா களிமண், தொல்லுயிர்ப் படிவம் தேடி வெளியூர் மாணவர்கள் வர்ற பூமி. பாறையும் உறிஞ்சாது, களிமண்ணும் உறிஞ்சாது. அதனாலதான் குழியில தண்ணி ஊத்தி 25 மி.மீ. இறங்க எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு சோதிச்சுட்டு அப்புறம் உறிஞ்சு குழி வடிவமைங்கன்னு விதி சொல்லுது. நம்ம ஊர்ல எத்தனை பேர் இந்தச் சோதனை பண்ணிட்டுக் குழி தோண்டினாங்க? கான்ட்ராக்டரைக் கேட்டா "எல்லா இடத்துலயும் ஆறு உறை இறக்கிடுவோம் தம்பி"ம்பார். உறிஞ்சாத குழி நிரம்பினா ராத்திரியோட ராத்திரியா மோட்டார் போட்டு மழைநீர் ஓடையில விடுறாங்க. ஓடை ஏரிக்குப் போகுது. குடிதண்ணிக் கிணத்துல இருந்து உறிஞ்சு குழி 18 மீட்டராவது தள்ளி இருக்கணும்னு விதி. பாறை வெடிப்பு வழியா போற தண்ணிக்கு அந்த 18 மீட்டரே போதுமான்னு சந்தேகப்படணும். நாம அதையும் விடுறது இல்ல.

சரி, காற்றுக்கு வருவோம்.

செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் போடுற எந்த விவசாயியையும் கேளுங்க. அறுவடை பண்ணின வெங்காயத்தை அப்படியே குவிச்சு வைக்க மாட்டாங்க. தரையில இருந்து தூக்கி, பக்கவாட்டுல காற்று ஓட வழி விட்டுப் பட்டறை போடுவாங்க. காற்று இல்லன்னா ஒரே வாரத்துல அழுகிடும்னு தெரியும். வெங்காயத்துக்கு இவ்வளவு தெரிஞ்ச ஊர்ல, புரோட்டா மாஸ்டர் நிக்கிற இடத்துக்கு ஜன்னல் இல்ல.

ஈர வெப்பப் பகுதின்னா தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்கு, வறண்ட வெப்பம்னா பத்துல ஒரு பங்கு ஜன்னல் திறப்பு இருக்கணும்ங்கிறது தேசிய கட்டட விதித்தொகுப்புல காலங்காலமா இருக்கிற கணக்கு. 600 சதுர அடி ஹால்னா குறைஞ்சபட்சக் கணக்குலயே 60 சதுர அடி திறப்பு. வெளிக் காற்றுக்குத் திறக்கணும், பக்கத்து ரூமுக்குத் திறந்தா கணக்குல வராது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ல வந்தது, பக்கத்துல எவ்வளவு இடம் விடணும்ங்கிறது அதுல இருக்கு. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லயே வேலை செய்ற இடத்துல காற்றோட்டம் வேணும்னு சொல்லிடுச்சு. (அதே சட்டத்துல கடை ஊழியருக்கு உட்கார நாற்காலி வேணும்னு திருத்தம் வர 2021 ஆச்சு. காற்றுக்கு 1947-லயே விதி வந்தும் இன்னும் காற்று வரல!)

"ஏசி போட்டாச்சே, ஜன்னல் எதுக்கு"ன்னு ஒரு கேள்வி வரும். ஸ்ப்ளிட் ஏசி வெளிக் காற்றை உள்ள கொண்டு வராது. ரூமுக்குள்ள இருக்கிற அதே காற்றைத்தான் சுத்திச் சுத்திக் குளிர வைக்கும். நாப்பது பேர் மூச்சு விட்ட காற்று குளிர்ந்தாலும் அதே காற்றுதான். கோவிட் காலத்துல ஜன்னலைத் திறங்கன்னு டாக்டர்கள் கத்தினதை இவ்வளவு சீக்கிரம் மறந்துட்டோம்.

சமையல்கட்டுல இன்னொரு கணக்கு. பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிட்டா போதும்னு நினைக்கிறாங்க. ஃபேன் வெளிய தள்ளுற அளவுக்குக் காற்று உள்ள வர வழி வேணும். கதவு ஜன்னலை அடைச்சுட்டு ஃபேன் போட்டா அது சும்மா சுத்தும், இல்லன்னா அமோய் கார்டன்ஸ் மாதிரி தரை டிராப்புல இருந்து இழுக்கும். சிலிண்டர் வைக்கிற இடத்துல தரையை ஒட்டித் திறப்பு வேணும், ஏன்னா சமையல் எரிவாயு காற்றை விடக் கனம், கசிஞ்சா தரையிலதான் தேங்கும். மேல ஒரு ஜாலி வச்சுட்டுக் காற்றோட்டம் இருக்குன்னு சொல்றது எரிவாயுவுக்குப் புரியாது.

1997 ஜூன் 13, டெல்லி உப்ஹார் தியேட்டர். தீப்பிடிச்சது கீழ கார் பார்க்கிங்ல இருந்த டிரான்ஸ்ஃபார்மர்ல. இறந்த 59 பேரும் மேல பால்கனி ரசிகர்கள், மூச்சுத் திணறித்தான் இறந்தாங்க. புகை மாடிப்படி வழியாவும் ஏசி குழாய் வழியாவும் மேல ஏறுச்சு. வெளிய போற வழி ஒன்னைக் கூடுதல் சீட்டுக்காக அடைச்சிருந்தாங்க. கூடுதலா கொஞ்சம் சீட்டு, அவ்வளவுதான் அந்த 'அட்ஜஸ்ட்'. நம்ம மண்டபத்துல டைனிங் ஹாலைப் பெருசாக்க ஷாஃப்ட்டை மூடுறப்போ, ஜெனரேட்டரைக் கீழ்த்தளத்துக்குள்ள தள்ளுறப்போ இதை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

"செலவு ஆகும் தம்பி, நீ ஈஸியா எழுதிடுவ"ன்னு சில அண்ணன்கள் திட்டுவாங்கன்னு தெரியும். ஆகும்தான். பக்கத்துல இடம் விட்டா கடை வாடகை குறையும், அது நிஜமான நஷ்டம், மறைக்க மாட்டேன். ஆனா காற்றுக் குழாய்க்கும், எண்ணெய்த் தொட்டிக்கும், டேங்கை ரோட்டுப் பக்கம் வைக்கிறதுக்கும் ஆகுற செலவு முன்பக்க ஆர்ச்சுக்கும் சீரியல் லைட்டுக்கும் ஆகுறதை விட ரொம்பக் குறைவு. வரைபடத்துலயே போட்டுட்டா செலவே தெரியாது. கட்டி முடிச்சு டைல்ஸ் ஒட்டின பிறகு உடைக்கிறதுதான் செலவு.

அரசாங்கத்துக்கிட்ட நம்ம கோரிக்கையும் இதுல இருந்துதான் வரணும். எந்த ஆட்சியா இருந்தாலும் கேப்போம். வரைபடத்துல குழாய் இருக்கான்னு பார்க்கிறதோட நிக்கக் கூடாது. மண்ணு போட்டு மூடுறதுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து டேங்கையும் குழாயையும் பார்க்கணும், படம் எடுத்துக் கோப்புல வைக்கணும். பெரிய கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்று கேக்குறாங்க, அப்போ எல்லாமே மூடி இருக்கும். ஊராட்சி அளவுல இதைப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும். நம்ம மாவட்டத்துல டிப்ளமோவும் பி.இ.யும் முடிச்சுட்டு வேலை தேடுற பிள்ளைங்க எத்தனை பேர்! ஒன்றியத்துக்கு ரெண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்துப் போட்டா வேலையும் ஆச்சு, கட்டடமும் சரியாச்சு. உறிஞ்சின கழிவை லாரிக்காரர் எங்க கொண்டு போய்க் கொட்டுறார்னு கேக்குற முறையும் ஊராட்சி வரைக்கும் வரணும்.

அதுக்கு முன்னாடி நம்ம வீட்டுக் கணக்கு. நம்ம கட்சிக்காரங்க நடத்துற மண்டபம், லாட்ஜ், ஹோட்டல் எத்தனையோ இருக்கு. வாடகைக்கு எடுத்திருக்கிற கட்சி அலுவலகமும் இருக்கு. எதிர்க்கட்சிக்காரன் கட்டடத்துல ஓட்டை கண்டுபிடிக்கிறது ஈஸி, முதல்ல நம்ம மொட்டை மாடிக்கு ஏறுவோம். குழாய் உச்சியைத் தாண்டி நிக்குதா, வலை இருக்கா பாருங்க. டேங்க் மூடி எங்க இருக்குன்னு ஓனருக்கே தெரியுமான்னு கேளுங்க. கடைசியா எப்போ மிஷின் வச்சு எடுத்தாங்க, ரெண்டு மூணு வருஷம் தாண்டிடுச்சா? ஆள் இல்லாத ரூம் டிராப்புல வாரம் ஒரு மக் தண்ணி ஊத்தச் சொல்லுங்க, அதுக்குச் செலவே இல்ல. "பிளான்ல சின்ன சிக்கல்"னு யாராவது சிபாரிசு கேட்டு வந்தா, வரைபடத்தை வாங்கிப் பார்த்துட்டுப் பேசுங்க. ஜன்னலோ டேங்கோ சம்பந்தப்பட்டதுன்னா கட்சி லெட்டர்பேடு வெளிய வரக் கூடாது. புரியலன்னா எனக்கு அனுப்புங்க, உட்கார்ந்து பார்த்துத் தர்றேன். காசு வேண்டாம், டீ போதும்.

எங்கயாவது ஆளை டேங்குல இறக்குறதைப் பார்த்தா முதல்ல நிறுத்துங்க, வீடியோ அப்புறம் எடுக்கலாம். மிஷின் உதவிக்கு 14420-ன்னு இலவச எண் இருக்கு, போன்ல பதிஞ்சு வச்சுக்கோங்க. உள்ள ஆள் விழுந்துட்டா நீங்க இறங்காதீங்க, 101, 108 ரெண்டுக்கும் கூப்பிடுங்க.

வர்ற ஞாயிறு பாடாலூர், ஆலத்தூர் பக்கத் தோழர்கள் ஆளுக்கு ஒரு கட்டடம் எடுத்துக்குவோம். ஓனர்கிட்ட அனுமதி கேட்டு, காற்றுக் குழாயையும் டேங்க் மூடியையும் ரெண்டு போட்டோ எடுத்து ஒன்றிய ஐடி விங் குரூப்புக்கு அனுப்புங்க. பேர் போட வேண்டாம், நாறடிக்கிறது நோக்கம் இல்ல. முதல் போட்டோ நம்ம கட்சி அலுவலகத்தோடது, நான் ஏறி எடுத்து அனுப்புறேன்.

#குழாயை_மேல_ஏத்து